டீமின் மனதில் இருப்பதை ரெப்போவுக்குள் கொண்டுவருவது எப்படி?

"இந்த ஜாப் ஏன் ராத்திரி 2:45-க்கு ஓடுது?" என்று, குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஒரு புரோகிராமைப் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர் கேட்பார். "அது சீனியருக்குத்தான் தெரியும்" என்று பதில் வரும். அந்த சீனியர் நோட்டீஸ் பீரியடில் இருந்தால், கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஒரு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது தெரிந்ததை ஒப்படைக்கும்) மீட்டிங் நடக்கும். கோட் என்ன செய்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஏன் அப்படிச் செய்கிறது என்பது ஆளோடு போய்விடும். முதலில் எழுத வேண்டியது அந்த 'ஏன்'தான்.

படி 1: கேள்விகளைச் சேருங்கள்

எடுத்தவுடன் டாக்குமென்ட் எழுத உட்காராதீர்கள். டீம் சாட்டில் வரும் கேள்விகளை இரண்டு வாரம் ஒரு ஃபைலில் சேர்த்துவாருங்கள். இரண்டாம் முறை வரும் கேள்விக்குப் பதில் எழுத்தில் இருக்க வேண்டும். இதற்குப் புதியவரே பொருத்தமானவர். பழகியவர்களுக்கு எது புரியாது என்பதே மறந்திருக்கும்.

படி 2: பிரியுங்கள்

'எப்படி ஓட்டுவது' ரீட்மீ என்ற அறிமுக ஃபைலுக்குப் போகட்டும், 'ஏன் இப்படி' என்பது, எடுத்த முடிவையும் காரணத்தையும் பதியும் முடிவுக் குறிப்புக்கு. கோடைப் படித்தாலே விளங்குவதை எழுத வேண்டாம். கோட் மாறிய பிறகு அந்த எழுத்து பொய்யாகிவிடும். ஒருமுறை ஏமாந்தவர் மற்றப் பக்கங்களையும் நம்ப மாட்டார்.

படி 3: முடிவுக் குறிப்பு எழுதுங்கள்

இதற்கு மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் 2011-இல் முன்வைத்த ஏ.டி.ஆர். (ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்ட்) வடிவம் எளிமையானது. ஒரு மாதிரி:

தலைப்பு: 0007 – செட்டில்மென்ட் ஜாப் 2:45-க்கு
நிலை: ஏற்கப்பட்டது
சூழல்: வங்கியின் ஃபைல் 2 மணிக்கு வர வேண்டும், சில நாள் அரை மணி நேரம் தாமதமாகிறது. ஃபைல் இல்லாமல் ஓடினால், ஜாப் எர்ரர் காட்டாமல் பூஜ்யத்தைப் பதிவு செய்கிறது.
முடிவு: 2:45-க்கு ஓட்டுகிறோம். ஃபைல் வந்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வங்கியின் சர்வர் அனுமதிப்பதில்லை.
விளைவுகள்: காலை ரிப்போர்ட் 3:30-க்குத்தான் கிடைக்கும்.

கைவிட்ட வழியையும் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்து வருபவர் அதே வழியில் போய் முட்டிக்கொள்வார்.

இதை விக்கியில் போடாமல், கோட் இருக்கும் ரெப்போவிலேயே மார்க்டவுன் (எளிய டெக்ஸ்ட்) ஃபைலாக வையுங்கள். கோடோடு சேர்ந்து அதே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கையில்) ரிவ்யூவுக்கு வரும். பின்னால் முடிவு மாறினால் பழையதை அழிக்காதீர்கள். நிலையை 'மாற்றப்பட்டது' என்று திருத்தி, புதிய குறிப்பின் எண்ணைக் கொடுங்கள்.

படி 4: கமிட் மெசேஜிலும் காரணம் சொல்லுங்கள்

கோட் மாற்றத்தைப் பதியும்போது எழுதும் இந்தக் குறிப்பில் 'பக் ஃபிக்ஸ்' என்று மட்டும் எழுதினால், பிறகு கிட் பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது யார், எந்த கமிட்டில் என்று காட்டும் கட்டளை) போட்டுப் பார்ப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. என்ன பிரச்சினை, ஏன் இந்த வழி என்று இரண்டு வரியாவது வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்புபவர்களிடமும் முதலில் பிரச்சினையை விவரிக்கத்தான் சொல்கிறார்கள்.

படி 5: கே.டி.யைத் திருப்பிப் போடுங்கள்

எல்லாமே எழுத்தில் அடங்காது. ஒரு புரோகிராமைப் பற்றிய புரிதல் அதைக் கட்டியவர்களிடம்தான் வாழ்கிறது என்று கணினி விஞ்ஞானி பீட்டர் நௌர் 1985-இலேயே வாதிட்டார். அதனால் சேர்ந்து உட்கார்ந்து கோட் எழுதுவதை விட்டுவிடாதீர்கள். ஒருவர் விலகும்போது அவரையே எழுதச் சொல்லாமல், பொறுப்பேற்பவர் கேட்டு எழுதட்டும். விலகுபவர் ரிவ்யூ செய்யட்டும். எங்கே தவறாகப் புரிந்தது என்பது அவர் அலுவலகத்தில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.