குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்துப் பக்கத்து வீட்டை வாங்கும் முன்

பக்கத்து வீடு விலைக்கு வரும்போது, குடும்ப வீட்டின் பத்திரத்தை வங்கியில் வைத்து அதை வாங்கிப் புதுப்பிக்கலாம் என்று எண்ணுவோர், வாங்கப்போகும் வீட்டின் மீதே வீட்டுக் கடன் கிடைக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். சொத்து அடமானக் கடனைவிட அதற்கு வட்டி பொதுவாகக் குறைவு. தவணை தவறினாலும் வங்கி முதலில் கைவைப்பது குடியிருக்கும் வீட்டின் மீதாக இராது.

குடும்ப வீட்டையே வைக்க நேர்ந்து, அது காலமான தந்தையின் பெயரில் இருந்தால், சகோதரிகள் உட்பட வாரிசுகள் அனைவரின் கையொப்பமும் தேவைப்படும். 90 நாட்களுக்கு மேல் தவணை நின்றால் அது வாராக்கடனாகி, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீசுக்குப் பின், வழக்குத் தொடுக்காமலே வங்கி வீட்டைக் கையகப்படுத்த முடியும் என்பதை அவர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே நியாயம்.

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இதுவே 3.6 லட்சம் ஆகிறது. வில்லங்கச் சான்றிதழோடு, நடுவில் பொதுச் சுவர் இருப்பின் அது பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்து, சர்வேயரைக் கொண்டு அளந்த பிறகே முன்பணம் கொடுங்கள். பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்த பிறகுதான் உத்தரத்தின் கரையான் தெரியவரும் என்பதால், மராமத்து மதிப்பீட்டுக்கு மேல் கால் பங்காவது சொந்தப் பணத்தில் ஒதுக்கி வையுங்கள்.

வங்கியில் ஒப்படைக்கும் மூலப் பத்திரங்களின் பட்டியலை முத்திரையுடன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடன் முழுவதும் அடைந்த 30 நாட்களுக்குள் அவற்றைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் வங்கியுடையதாக இருக்கும்பட்சத்தில், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.