நான்கு பேர் சேராவிட்டாலும் பழைய நடன இசை வாசிக்கலாம்

1551இல் ஆண்ட்வெர்ப்பில் டீல்மன் சுசாட்டோ அச்சிட்ட நாற்குரல் நடன இசையை (நான்கு வாத்தியங்களுக்கு நான்கு தனி வரிகள், ஒவ்வொன்றும் ஒரு குரல்) எடுத்தால், மேல் குரலையும் அடிக்குரலையும் மட்டும் வைத்து ஒத்திகையைத் தொடங்கிவிடுங்கள். பள்ளிக்கூட ரெக்கோர்டர் குழல் மெட்டை வாசிக்கட்டும், கீபோர்டில் இடது கை அடிக்குரலைப் பிடிக்கட்டும். மெட்டு மேலே இருக்கிறது, அதைத் தாங்குவது கீழே. நடுக் குரல்கள் இடையை நிரப்புபவை. எல்லா வாத்தியத்துக்கும் ஏற்றது என்று சுசாட்டோவே முகப்பில் போட்டிருப்பதால், தனி இசை ஏற்பாட்டுக்குக் காசு கொடுக்கவும் தேவையில்லை. இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு ஒருவராக இருக்கும் குழுக்களுக்கு இது பெரிய உதவி.

பவான் என்ற நிதான நடனத்தை வாசிக்கும்போது தப்பு மேளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1589இல் பிரெஞ்சு நடன நூலாசிரியர் ஆர்போ எழுதிவைத்த பவான் முரசடி ஒரு நீள அடி, இரண்டு அரை அடி, அவ்வளவுதான். தப்பில் அது அருமையாக உட்காரும். ரெக்கோர்டர் சத்தம் மெல்லியது, அதனால் அடி மென்மையாக இருக்கட்டும்.

கலியார்டு என்ற துள்ளல் நடனத்துக்கு இந்த அடி சரிவராது, அது மும்மை நடை. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் ஃபேன்டேசியா வகையில் நடுக் குரலை விடவே கூடாது. அப்புறம், பி ஃப்ளாட் கிளாரினெட், ட்ரம்பெட் இருந்தால், அவை எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிப்பதால், அவற்றுக்கு மட்டும் ஒரு முழு சுரம் உயர்த்தி எழுதிக்கொடுங்கள்.