பழைய காற்றுத் துப்பாக்கியை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மிங்ஹாம் நகரத் துப்பாக்கித் தயாரிப்பாளர் லிங்கன் ஜெஃப்ரிஸ் 1904-இல் காப்புரிமை கோரிய வடிவமைப்பைக் கொண்டு, பி.எஸ்.ஏ. (பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்) நிறுவனம் 1905 முதல் தயாரித்த காற்றுத் துப்பாக்கிகளை பிரிட்டனின் சேகரிப்பாளர்கள் இன்றும் ஆவலோடு தேடுகிறார்கள். குழலுக்கு அடியில் நெம்புகோல் பொருத்தப்பட்ட இந்தத் துப்பாக்கிகளில் ஒன்று விற்பனைக்கு வரும்போது, வாங்குபவர் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் பளபளப்பை நல்ல நிலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதுதான்.

நூறாண்டுகள் கையாளப்பட்ட உலோகத்தில், கைபடும் இடங்களில் கருநீலப் பூச்சு மங்கிப் பழுப்பாகியிருப்பது இயல்பு. துப்பாக்கி முழுவதும் ஒரே சீரான கருமையோடு மின்னினால், அதைத் தேய்த்து மெருகேற்றி மறுபடி பூச்சிட்டிருக்கிறார்களா என்று சந்தேகிக்க வேண்டும். தேய்ப்புச் சக்கரம் பட்ட உலோகத்தில் விளிம்புகளின் கூர்மை மழுங்கியிருக்கும், திருகு துளைகளின் வாய் லேசாகக் குழிந்திருக்கும், மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய பி.எஸ்.ஏ. முத்திரையும் எழுத்துகளும் ஆழமிழந்து மங்கியிருக்கும். மரக்கட்டை உலோகத்தோடு சேரும் இடத்தில் மரம் சற்றுத் தாழ்ந்திருந்தால், அதை உப்புத்தாள் கொண்டு இழைத்திருக்கிறார்கள் என்று பொருள். இப்படி ஒருமுறை தேய்த்து அகற்றிய மேற்பரப்பை எந்தக் கைவினைஞராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே, வாங்கிய பிறகு அதை அழகுபடுத்தும் ஆசையையும் அடக்கிக்கொண்டு, மெல்லிய எண்ணெயும் மென்துணியும் போதும் என்று நிறுத்திக்கொள்வதே நல்லது.

மாற்றப்பட்ட பாகங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுப்பதும் தவறு. காற்றை அழுத்தும் பிஸ்டனைத் தள்ளுகிற ஸ்பிரிங்கும் அந்தப் பிஸ்டனின் தோல் வாஷரும் தேய்ந்துபோகக்கூடியவை. அவற்றை மாற்றியிருப்பது குறையாகாது. ஆனால் தொலைநோக்கி பொருத்துவதற்காகத் துளையிடப்பட்ட உருளை (பிஸ்டன் ஓடும் கூடு), வெட்டிக் குறைத்த குழல், வேறொரு மாதிரியிலிருந்து எடுத்துப் பொருத்திய மரக்கட்டை ஆகியவை அசல் தன்மையை நிரந்தரமாகக் குலைக்கின்றன. அந்தக் காலத்து விலைப்பட்டியலில் குறித்திருக்கும் மொத்த நீளத்தோடு அளந்து ஒப்பிட்டால் பாதி ஐயம் தீர்ந்துவிடும்.

குழல் விட்டத்தையும் வாய்ச்சொல்லை நம்பி ஏற்கக்கூடாது. துப்பாக்கியில் பொறித்திருக்கும் விட்ட எண் 1 என்றால் .177, எண் 2 என்றால் .22, எண் 3 என்றால் .25 அங்குலம். பி.எஸ்.ஏ.வில் எண் 3 அரிது என்பதால் விலை ஏறும். அதனாலேயே பொறித்த எண்ணும் உண்மையான துளையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். வரிசை எண்ணிலும் இதே கவனம் தேவை. எண் வரிசைகள் மாதிரிக்கு மாதிரி தனித்தனியே ஓடியதால், எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொண்டு ஆண்டைக் கணிப்பது தவறான முடிவுக்கே கொண்டுபோகும்.

பெயரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு டயானா ஓர் எச்சரிக்கை. அது ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்றின் வணிகப் பெயர்தான். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அதன் இயந்திரங்களும் வணிகப் பெயரும் போர் இழப்பீடாக பிரிட்டனுக்குப் போய், ஸ்காட்லாந்தின் மில்ப்ரோ நிறுவனம் அதே பெயரில் துப்பாக்கிகள் தயாரித்தது. ஜெர்மன் தொழிற்சாலை மீண்டும் இயங்கத் தொடங்கியபோது, பிரிட்டனில் தன் துப்பாக்கிகளை 'ஒரிஜினல்' என்ற பெயரில் விற்க நேர்ந்தது. எனவே டயானா என்ற பொறிப்பை மட்டும் கண்டு ஜெர்மன் தயாரிப்புக்கான விலையைக் கொடுத்துவிடக்கூடாது. தயாரித்த நாட்டின் பெயரையும் தேடிப் படிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகையைச் சந்தை மதிப்பாகக் கொள்ளாமல், அதே மாதிரியைச் சேர்ந்த துப்பாக்கிகள் ஏலத்தில் உண்மையில் விற்றுப்போன தொகைகளைப் பார்க்க வேண்டும். இறுதியாக, வலு எப்படியிருக்கிறது என்று அறிய ஈயக் குண்டு இடாமல் வெறுமனே சுட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். முன்னால் தடையில்லாததால் காற்றழுத்தம் பிஸ்டனைத் தாங்காது. அது உருளையின் முனையில் மோதி, பழைய தோல் வாஷரையும் ஸ்பிரிங்கையும் சிதைக்கக்கூடும்.