போனில் திறந்த காமிக்ஸ் டேப்லெட்டில் திறக்கவில்லை

போனில் நன்றாகப் படிக்க முடிந்த சிபிஆர் காமிக்ஸ்களில் (பக்கப் படங்களை ரார் முறையில் ஒரே கோப்பாகச் சுருக்கியவை) பாதி, என் பழைய டேப்லெட்டில் ‘பக்கங்கள் இல்லை’ என்றே காட்டின. மூன்று நாள் போனது. மறுபடி நகலெடுத்தேன், செயலியை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், மெமரி கார்டை மாற்றினேன். பலனில்லை.

அப்புறம்தான் கணினியில் கோப்பின் விவரத்தைப் பார்த்தேன். திறக்காதவை எல்லாம் ரார் சுருக்க முறையின் புதிய வடிவமான ரார் 5. 2013இல் வந்த அதைப் பழைய செயலிகளால் பிரிக்க முடியாது. வெளியே பார்த்தால் பழைய ரார், ரார் 5 இரண்டுக்கும் ஒரே சிபிஆர் பின்னொட்டுதான். படங்களைப் பிரித்தெடுத்து, ஜிப்பாகச் சுருக்கி, பின்னொட்டை ஜிப் காமிக்ஸுக்கு உரிய சிபிஇசட் என்று மாற்றினேன். உடனே திறந்தது.

ஆனால் 1ஆம் பக்கத்துக்கு அடுத்து 10 வந்தது! டேப்லெட் செயலி பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்குகிறது. 001, 002 என்று பெயர் மாற்றி மறுபடி ஜிப் செய்தேன். இப்போது போன், டேப்லெட் இரண்டிலும் ஒரே வரிசை. பெரிய நிம்மதி.