கத்திரி வெயிலுக்கு உங்க சிபியு கூலர் தாங்குமா? ஓவர்கிளாக் பண்ண பிசியை வீட்லயே டெஸ்ட் பண்றது எப்படி

யூடியூப்ல ஒரு கூலர் ரிவ்யூ பாத்துட்டு, ஃபுல் லோடுலயே 73 டிகிரி தான் வருதுன்னு நம்பி அதே கூலரை வாங்கி மாட்டுவோம், நம்ம ரூம்ல அது 86 காட்டும். உடனே கூலர் டூப்ளிகேட்டா, சிபியுக்கும் கூலருக்கும் நடுவுல தடவற பேஸ்ட் சரியா பரவலையான்னு சந்தேகம் வந்துடும். நிறைய நேரம் ரெண்டுமே காரணம் கிடையாதுங்க. ரிவ்யூ எடுத்தவர் 21 டிகிரி ஏசி ரூம்ல இருக்கார், நாம தர்மபுரியில மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்குற ரூம்ல 34 டிகிரில இருக்கோம். 73ல 21 போனா 52. 86ல 34 போனாலும் 52. ரெண்டு கூலரும் ஒரே வேலையை தான் செய்யுது.

இந்த 52 தான் டெல்டா. கூலர் டெஸ்ட்னா இதை கண்டுபிடிக்கறது தான், சிபியு டெம்பரேச்சரை மட்டும் சொல்லி "என்னது 80, உன்னது எவ்ளோ"ன்னு கேக்கறதுல ஒரு பிரயோஜனமும் இல்லை.

என் மெஷின் ஏஎம்டி ரைசன் 7 5800எக்ஸ், பிபிஓ (சிபியு கூடுதல் வாட் இழுத்து வேகமா ஓட விடற ஏஎம்டியோட ஓவர்கிளாக் வசதி) ஆன் பண்ணி ஓட்டறேன். 8 கோரும் ஒரே சின்ன சிலிக்கான் துண்டுக்குள்ள இருக்கறதால சூடு மொத்தமும் ஒரே இடத்துல குவியும், அதனால இந்த சிபியு சூட்டுக்கு பேர் போனது. 90 டிகிரி தொட்டா தானே ஸ்பீடை குறைச்சுக்கும். சிங்கிள் டவர் கூலர் (ஒரே ஒரு தகடு அடுக்கு) போதுமா, டபுள் டவர் (ரெண்டு அடுக்கு) வாங்கணுமான்னு முடிவு பண்ண தான் இவ்ளோ டெஸ்ட்டும் பண்ணேன். விண்டோஸ் போடறது, பயாஸ்க்குள்ள போறது எல்லாம் தெரியும்னு வெச்சுக்கறேன்.

தேவையான சாமான்

எச்டபிள்யூஇன்ஃபோ64 (சூடு, வாட் எல்லாம் காட்டற சாஃப்ட்வேர்), பிரைம்95 (சிபியுக்கு ஃபுல் லோடு குடுக்கற சாஃப்ட்வேர்) ரெண்டும் ஃப்ரீ. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், வயர் முனையில சென்சார் இருக்கற மாதிரி பாத்து வாங்குங்க, 500 ரூபாய்க்குள்ள கிடைச்சிடும். பேஸ்ட்டுக்கு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 தான் என்னோட சாய்ஸ், கரண்ட் கடத்தாது, தடவின உடனே டெஸ்ட் பண்ணலாம். ஆர்க்டிக் சில்வர் 5 மாதிரி பழைய பேஸ்ட்டெல்லாம் செட்டாகவே 200 மணி நேரம் வரைக்கும் ஆகும்னு அவங்களே போட்டிருக்காங்க, டெஸ்ட்டுக்கு அது சரிப்படாது. லிக்விட் மெட்டல் பக்கம் ஆரம்பத்துல போகவே போகாதீங்க, அதுல காலியம் இருக்கு, அலுமினியத்தை அரிச்சுடும், போர்டு மேல ஒரு சொட்டு சிந்தினா ஷார்ட். பேஸ்ட் துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். நாலு ரோடு பக்கம் கேட்டு கிடைக்கலன்னா ஆன்லைன் தான், இல்ல பெங்களூர் எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க பக்கம் போறவங்க யார்கிட்டயாவது சொல்லி விடுங்க.

சூடு பாக்கற இன்ஃப்ராரெட் கன் வெச்சு கூலரை அளக்கலாமான்னு கேப்பீங்க. பளபளன்னு இருக்கற நிக்கல், அலுமினியம் மேல அடிச்சா தப்பா குறைச்சு காட்டும். ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல அடிச்சா ஓரளவு சரியா வரும். எனக்கு அது தேவையே படல.

ஸ்டெப் 1: வாட்டை ஒரே அளவுல கட்டுங்க

அடுப்பு ஒரே அளவுல எரிஞ்சா தானே எந்த பாத்திரம் சீக்கிரம் சூடாகுதுன்னு சொல்ல முடியும், இங்க அடுப்பு சிபியு. பிபிஓவை சும்மா விட்டுட்டா நல்ல கூலர் மாட்டும்போது சிபியு "இடம் இருக்கு"ன்னு இன்னும் அதிக வாட் இழுக்கும், கடைசில ரெண்டு கூலர்லயும் டெம்பரேச்சர் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து குழப்பும். அதனால பயாஸ்ல பிபிஓவை அட்வான்ஸ்டு போட்டு பிபிடி லிமிட்டை (சிபியு மொத்தமா எவ்ளோ வாட் இழுக்கலாம்ங்கற வரம்பு) 120 வாட்னு கையால போடுங்க. 5800எக்ஸ்க்கு ஸ்டாக்லயே 142 வாட், டெஸ்ட்டுக்கு 120 போதும். இன்டெல் வெச்சிருக்கவங்க பிஎல்1, பிஎல்2 (நீண்ட நேர, கொஞ்ச நேர வாட் லிமிட்) ரெண்டையும் ஒரே வாட்ல போடுங்க.

சில மதர்போர்டு உண்மையான வாட்டை குறைச்சு சிபியுகிட்ட சொல்லும், அதை நம்பி சிபியு கூடுதலா இழுக்கும். ரைசன்ல இதை புடிக்க எச்டபிள்யூஇன்ஃபோல பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன்னு ஒரு வரி இருக்கு. ஃபுல் லோடுல அது 100 சதவீதம் பக்கத்துல இருந்தா போர்டு உண்மை பேசுது. ரொம்ப கீழ இருந்தா நீங்க 120ன்னு நினைக்கறது 120 இல்லை.

ஸ்டெப் 2: ரூம் டெம்பரேச்சர்

இங்க தான் என் மண்டை காஞ்சது. ஒரே கூலர், ஒரே பேஸ்ட், ஒரே 120 வாட், ஆனா மத்தியானம் டெல்டா ஒண்ணு வருது, ராத்திரி வேற ஒண்ணு வருது, நாலு அஞ்சு டிகிரி வித்தியாசம். டெல்டான்னு எடுத்தாலே ரூம் சூடு கழிஞ்சு போகணும், அப்ப ஏன் மாறணும்? ஒவ்வொண்ணா பாத்ததுல மூணு காரணம் சிக்குச்சு.

முதலாவது, தெர்மாமீட்டர் வெக்கற இடம். சுவத்துல மாட்டி வெச்சா அது சுவத்தோட சூட்டை சேத்து காட்டும், மத்தியானம் மேற்கு பக்க சுவர் எப்படி கொதிக்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். கூலர் குடிக்கற காத்தோட சூடு தான் நமக்கு வேணும். சென்சார் வயரை கேபினட்டோட முன்பக்க ஃபேன் முன்னாடி ஒரு சாண் தள்ளி தொங்க விடுங்க, எதையும் தொடக்கூடாது, பின்னாடி வர்ற சூடு காத்து சுத்தி வந்து அது மேல படக்கூடாது.

ரெண்டாவது சீலிங் ஃபேன். இதை வெளிநாட்டு ரிவ்யூ எதுலயும் சொல்ல மாட்டாங்க, அவங்க ரூம்ல அது பெரும்பாலும் இருக்காது. வெயில்ல காஞ்ச கான்கிரீட்டுக்கு அடியில நிக்கற சூடு காத்தை ஃபேன் கீழ தள்ளும், தரை பக்கம் இருந்த காத்தும் அதுவும் கலந்துடும், அதோட கேபினட் மேலயும் காத்து அடிக்கும், டெல்டா மாறிடும். சாயந்திரம் வோல்டேஜ் இறங்கினா பிசிக்கு ஒண்ணும் ஆகாது, எஸ்எம்பிஎஸ் (பிசியோட பவர் சப்ளை) சமாளிச்சுக்கும், ஆனா சீலிங் ஃபேன் மெதுவாயிடும். அதனால டெஸ்ட் முடியற வரைக்கும் ஃபேனை ஆஃப் பண்ணிடுங்க. வேர்க்கும், ஓட விட்டுட்டு வெளிய போயிடுங்க.

மூணாவது, ரூமே சூடாகறது. சிபியு 120 வாட், மானிட்டர், மத்த பார்ட்ஸ் எல்லாம் சேத்தா 200 வாட் பக்கம் ரூமுக்குள்ள கொட்டுது. கதவை சாத்திட்டு அரை மணி நேரம் ஓட்டினா சின்ன ரூம் ஒண்ணு ரெண்டு டிகிரி ஏறிடும். டெஸ்ட்டுக்கு முன்னாடி ஒரு தடவை ரூம் சூட்டை குறிச்சு வெச்சு, கடைசில வந்த சிபியு சூட்டுல இருந்து அதை கழிச்சா கணக்கு தப்பும். சிபியு ரீடிங் எடுக்கற அதே நிமிஷத்துல ரூம் ரீடிங்கும் எடுக்கணும். இதை மூணையும் சரி பண்ணதுக்கு அப்புறம் மத்தியானமும் ராத்திரியும் ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள்ள வந்து நின்னுச்சு, அப்ப வந்த நிம்மதி இருக்கே!

ஸ்டெப் 3: ஃபேன் ஸ்பீடை பூட்டுங்க

பயாஸ்ல ஆட்டோ கர்வ் (சூட்டுக்கு ஏத்த மாதிரி ஃபேன் ஸ்பீடு தானே மாறறது) எடுத்துட்டு சிபியு ஃபேனை ஒரே ஆர்பிஎம்ல போடுங்க, நான் 1200 வெக்கறேன். கேபினட் ஃபேனும் அப்படியே. ஃபுல் ஸ்பீடுல ஒரு தடவை தனியா எடுத்துக்கலாம், ஆனா தினமும் அந்த சத்தத்துல யார் உக்காருவா. சைடு பேனல் மாட்டி தான் டெஸ்ட் பண்ணணும், நீங்க பயன்படுத்தப்போறது அப்படித்தானே.

ஸ்டெப் 4: ஓட்டுங்க

பிரைம்95ல ஸ்மால் எஃப்எஃப்டின்னு இருக்கற டெஸ்ட்டை ஓட்டுங்க. சினிபெஞ்ச் ஆர்23ங்கற பெஞ்ச்மார்க்லயும் பண்ணலாம், ஆனா ஒவ்வொரு ரவுண்டுக்கு நடுவுல லோடு ஒரு நொடி விழுந்து எழும்பும், டெம்பரேச்சர் கோடு பல்லு பல்லா வரும். பிரைம்95 விடாம அழுத்தும்.

ஏர் கூலர்னா 15 நிமிஷம் ஓடட்டும். அப்புறம் எச்டபிள்யூஇன்ஃபோ கீழ இருக்கற கடிகார பட்டனை அமுக்கினா மினிமம், மேக்ஸிமம், ஆவரேஜ் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும். இன்னும் 5 நிமிஷம் விட்டு ஆவரேஜை எழுதுங்க. மேக்ஸிமம் எழுதாதீங்க, ஒரு நொடி துள்ளினதை எல்லாம் அது புடிச்சு வெச்சுக்கும். வாட் ஆவரேஜையும் எழுதுங்க. நடுவுல 90 தொட்டு த்ராட்டில் ஆச்சுன்னா அந்த ரன்னை தூக்கி போடுங்க, அப்ப சிபியு தானே வாட்டை குறைச்சிருக்கும், அந்த டெல்டா பொய். பிபிடியை 100க்கு இறக்கி திரும்ப பண்ணுங்க.

பராமரிப்புக்காக மாசம் ஒரு நாள் கரண்ட் நிறுத்தற தேதியை முதல்லயே பாத்துக்கோங்க, பாதி ரன்ல போனா மறுபடி முதல்ல இருந்து சூடேத்தணும்.

ஸ்டெப் 5: கழட்டி திரும்ப மாட்டுங்க

ஒரு தடவை மாட்டி எடுத்த ரீடிங்கை வெச்சு கூலரை எடை போடாதீங்க. பேஸ்ட் பரவறது, ஸ்க்ரூ அழுத்தம் இதுலயே ரெண்டு மூணு டிகிரி மாறும். ஒவ்வொரு கூலரையும் மூணு தடவை மாட்டி எடுத்தா நம்பலாம். ஸ்க்ரூவை ஒரு பக்கம் முழுசா டைட் பண்ணாம ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி அரை சுத்து. அடியில ஒட்டியிருக்கற பிளாஸ்டிக் ஃபிலிமை உரிச்சாச்சான்னு பாருங்க.

ஏஎம்4 சாக்கெட்காரங்க (5800எக்ஸ் மாதிரி ரைசன் சிபியு உக்காரற சாக்கெட்) இதை ரெண்டு தடவை படிங்க. கூலரை நேரா மேல இழுத்தா பேஸ்ட் ஒட்டுல சிபியுவும் சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வரும், பின்னு வளைஞ்சா போச்சு. 5 நிமிஷம் லோடு குடுத்து பேஸ்ட் இளகினதும் ஷட்டவுன் பண்ணி, ஒயரை புடுங்கி, கூலரை இடதும் வலதுமா மெதுவா திருகி, வழுக்க ஆரம்பிச்சதும் தூக்குங்க.

ஸ்டெப் 6: கணக்கு

சிங்கிள் டவர்ல 120 வாட்டுக்கு டெல்டா 52ன்னு வெச்சுப்போம். 52ஐ 120ஆல வகுத்தா 0.43, அதாவது ஒரு வாட்டுக்கு 0.43 டிகிரி. டபுள் டவர்ல டெல்டா 45 வந்தா 0.375. இந்த நம்பரை வெச்சு வேற வாட்டுக்கும் ஓரளவு கணிக்கலாம்.

இப்ப டிசம்பர் ராத்திரி ரூம் 24 டிகிரி, சிபியு 76ல நிக்குது, சூப்பர் ஓவர்கிளாக்னு சந்தோஷப்படுவோம். கத்திரி வெயில்ல அதே ரூம் 38 ஆகும். 38 கூட 52 சேத்தா 90. லிமிட்ல வந்து முட்டிடுச்சு. டபுள் டவர்னா 83, தாங்கும். அப்ப சிங்கிள் டவர் வெச்சிருக்கவங்க கூலர் மாத்தணும்னு அவசியமில்லை, கோடைக்கு மட்டும் 100 வாட் ப்ரொஃபைல் ஒண்ணு பயாஸ்ல சேவ் பண்ணி வெச்சா போதும், 0.43ஆல பெருக்கினா 43 தான், மொத்தம் 81. ஸ்பீடுல இழக்கறது கொஞ்சம் தான், இந்த சிபியுல கடைசி 20 வாட் பெருசா எதையும் தர்றதில்லை. டெஸ்ட்டை குளிர்காலத்துல பண்ணிட்டு கணக்கை மே மாசத்துக்கு போடுங்க.

அப்டேட்: ஓசூர்ல இருந்து ஒரு அண்ணன், தர்மபுரியை விட எங்க ஊர் உயரம், காத்து லேசு, டெல்டா கூடுமான்னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர், தர்மபுரி அதுல பாதி உயரம் தான், அதனால அங்க காத்து ஒரு 4, 5 சதவீதம் லேசா இருக்கும். ஆனா அங்க காத்து குளிர்ச்சி, குளிர்ந்த காத்து அடர்த்தி அதிகம், அது இதுல கொஞ்சத்தை ஈடுகட்டும், மிச்ச வித்தியாசம் சின்னது தான். கவலைப்படாம இதே முறையில எடுங்க.

இன்னொரு அப்டேட், ஏஐஓ வாட்டர் கூலர்காரங்களுக்கு (பம்ப், ரேடியேட்டர் எல்லாம் ஒண்ணா சேந்து வர்ற கூலர்): நிறைய பேர் 10 நிமிஷ ரீடிங் அனுப்பி "பாருங்க டெல்டா 38 தான்"னு சொல்றீங்க. உள்ள இருக்கற தண்ணி சூடாக நேரம் எடுக்கும், 30 நிமிஷத்துக்கு முன்னாடி எதையும் எழுதாதீங்க, 40 நிமிஷம்னா இன்னும் நல்லது. பம்ப்பை ஃபுல் ஸ்பீடுல பூட்டுங்க. ரேடியேட்டரோட மேல் முனை பம்ப்பை விட உயரத்துல இருக்கணும், இல்லன்னா காத்து பம்ப்புக்குள்ள போய் கொரகொரன்னு சத்தம் வரும், ரீடிங்கும் ஆடும்.

காவேரிப்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி, முதல்ல எடுத்த டெல்டா நாலு மாசத்துல 6 டிகிரி கூடிடுச்சு, பேஸ்ட் காஞ்சிடுச்சான்னு கேட்டிருந்தார். கடை ஹைவே ஓரத்துல இருக்காம். பேஸ்ட்டை தொடாம முதல்ல கூலர் ஃபின் தகடுகள்ல தூசி இருக்கான்னு பாருங்க தம்பி, ஆடி காத்து அடிச்சு முடிச்ச கையோட எல்லா பிசியும் ஒரு தடவை ஊதணும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால புடிச்சுக்கோங்க, சும்மா சுத்த விட்டா பேரிங் போயிடும். ஊதிட்டு ஸ்டெப் 4ஐ ஒரு தடவை ஓட்டி பழைய நம்பரோட ஒப்பிட்டு பாருங்க, அப்பவும் குறையலன்னா தான் பேஸ்ட் ட்யூபை கையில எடுக்கணும்.