'கிளியர்' என்று கேட்டதும் ஓரத்துக்குப் போகாதீர்கள்

ஊரில் நமக்கு எல்லாமே 'பார்டர்'தான். சேலைக்கு பார்டர், 35 மார்க் எடுத்தால் 'பார்டர்ல பாஸ்'. சிங்கப்பூரில் வேலைக்கு வந்ததும் இதைப் பிரித்துப் பழகுங்கள். பார்டர் என்றால் நாட்டெல்லை. மேசை, தளம், பிளாட்பாரம் இவற்றின் ஓரம் 'எட்ஜ்'. நிலத்தின் எல்லை 'பவுண்டரி'. கட்டுமான சைட்டைச் சுற்றி அடைக்கும் வேலி 'ஹோர்டிங்'. விளம்பரப் பலகையைத் தேடாதீர்கள்.

1924-இல் திறந்த காஸ்வே (கடல்மேல் போட்ட இணைப்புச் சாலை) வழியாக மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போவது 'கிராஸ் த பார்டர்'. செக்பாயிண்டில் வரிசையில் நின்றால் 'அட் த பார்டர்'. பாஸ்போர்ட் சோதனை முடிந்து வெளியே வந்தால் 'கிளியர்ட் இமிகிரேஷன்'.

இந்த 'கிளியர்'தான் ஆளைக் கவிழ்க்கும். 'கிளியர் பண்ணு' என்றால் நமக்கு அகற்று, முடி என்று அர்த்தம். 'கிளியர் த எட்ஜ்', 'கீப் த எட்ஜ் கிளியர்' இரண்டிலும் அது சரி: ஓரத்தில் கிடக்கும் பலகை, கம்பிகளை எடுக்க வேண்டும். 'கீப் கிளியர் ஆஃப் த எட்ஜ்' நேர் எதிர். ஓரத்துப் பக்கமே போகாதே, விலகி நில். வேகமாகப் பேசும்போது நடுவிலுள்ள 'ஆஃப்' காதில் விழாது. விலகச் சொன்ன இடத்துக்கே துடைப்பத்தோடு ஆள் போய்விடுவார்.

டூல்பாக்ஸ் மீட்டிங்கில் (வேலைக்கு முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம்) 'ஓகே?' என்றதும் புரியாமலே தலையாட்டும் பழக்கத்தை தயவுசெய்து விடுங்கள். 'மூவ் த திங்ஸ், ஆர் மூவ் பேக்?' என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே இல்லை. சூப்பர்வைசராக இருக்கும் நம்மவர்கள் 'ஸ்டே அவே ஃபிரம் த எட்ஜ்' என்றே சொல்லலாம். அதில் குழப்பமில்லை.

'ஓபன் எட்ஜ்' என்பதும் நடக்கத் திறந்துவிட்ட இடமல்ல, தடுப்பு இல்லாத ஓரம். 2 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள ஓரத்துக்கு மூடியோ தடுப்புக் கம்பியோ இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். 3 மீட்டரைத் தாண்டினால் 'பெர்மிட் டு வொர்க்' வேண்டும்; இது உங்கள் வொர்க் பெர்மிட் அல்ல, அந்த வேலைக்கான எழுத்து அனுமதி. பொருளை ஏற்றத் தடுப்பைக் கழற்றினால் உடனே திரும்ப மாட்டுங்கள். பெரும்பாலும் இது மறந்துபோகும். உண்மையிலேயே ஓரத்தை கிளியர் செய்யும் வேலை என்றால், முதலில் ஹார்னெஸை (உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டை) உறுதியான இடத்தில் மாட்டுங்கள், பிறகு கிட்டே போங்கள்.

'பிஹைண்ட்', 'பியாண்ட்' இரண்டும் காதுக்கு ஒன்றுபோல இருக்கும். எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் 'பிஹைண்ட் த எல்லோ லைன்' என்றால் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். சைட்டில் 'நோ என்ட்ரி பியாண்ட் திஸ் பாயிண்ட்' என்றால் அந்தப் பலகையைத் தாண்டக் கூடாது.