கோமாரித் தடுப்பூசிக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாயிலும் குளம்பிலும் புண் உண்டாக்கும் தொற்றான கோமாரி நோயில், வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அந்நோயால் வரும் நட்டத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுவதற்கும் அதுவே காரணம். செத்த மாடுகளை மட்டும் எண்ணுபவர், இதயத்தசை பாதிக்கப்பட்டுத் திடீரென இறக்கும் இளங்கன்றுகளை ஒருவேளை சேர்த்துக்கொண்டாலும், வாய்ப்புண்ணால் தீவனம் எடுக்காமல் அந்த ஈத்து முழுவதும் பால் குறைந்துபோன பசுவையும், மடிநோய் கண்டு ஒரு காம்பை இழந்த பசுவையும், சினை தள்ளிப்போவதால் பாலே தராமல் மாதக்கணக்கில் தின்றுகொண்டிருக்கும் பசுவையும் விட்டுவிடுகிறார். நோய் தணிந்த பிறகும் வெயில் தாங்காமல் மூச்சிரைக்கும் மாட்டைச் சந்தையில் விற்கப் போனால், என்ன விலை கிடைக்கும் என்பது வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த தவறு, ஊசி போட்டால் பால் குறையும் என்று சொல்லி முகாமுக்கு மாட்டை ஓட்டிவராமல் இருப்பது. சில மாடுகளில் ஓரிரு நாள் பால் குறைவது உண்மைதான். அதை மறைப்பதால் முகாமின் மீதுள்ள நம்பிக்கைதான் கெடும். ஆனால் கணக்கை இரு பக்கமும் எழுதிப் பார்க்க வேண்டும். நாளுக்குப் பத்து லிட்டர் கறக்கும் பசு ஊசிக்குப் பின் மூன்று நாள், நாளுக்கு ஒரு லிட்டர் குறைத்துக் கறக்கிறது, பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இழப்பு 105 ரூபாய். அதே பசு நோய்ப்பட்டு இருபது நாள், நாளுக்கு எட்டு லிட்டர் குறைத்துக் கறந்தால் இழப்பு 5,600 ரூபாய். ஊசி போடாமல் விட்டால் அடுத்த ஆறு மாதத்தில் நோய் வரும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்றாக இருந்தாலே, பாலை மட்டும் வைத்துப் பார்த்தாலும் ஊசி ஆதாயம். ஊசி முழுமையான பாதுகாப்புத் தராது என்பதற்காகச் சிறிது கழித்துக்கொள்ளலாம். மருத்துவச் செலவையும் சினைத் தாமதத்தையும் சேர்த்தால் அந்தக் கழிவு ஒரு பொருட்டாகாது.

பால் வற்றிய மாட்டுக்கும் காளைக்கும் எதற்கு ஊசி என்று கேட்பவர்கள், நோய்க்கிருமி கறவையைப் பார்த்து வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் விட்டுவைத்த மாட்டின் செலவைப் பக்கத்துத் தொழுவம் ஏற்க நேர்கிறது. அதனால்தான், 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் சேர்த்து ஐந்தாண்டுகளுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கி, ஊசியை இலவசமாகவே போட முடிவு செய்தார்கள். எண்பது சதவீத மாடுகளுக்குப் போட்டாயிற்று என்று அதிகாரிகள் நிறைவடைவதும் இதே வகைத் தவறுதான். விடுபட்ட இருபது சதவீதம் ஊரெங்கும் சிதறிக் கிடப்பதில்லை. தொலைவிலுள்ள ஒரு குடியிருப்பிலோ மேய்ச்சலுக்குப் போன ஒரு மந்தையிலோ அது மொத்தமாகச் சேர்ந்திருக்கும். நோய் பிடிக்க அந்த இடமே போதும்.

பக்கத்து ஊரில் நோய் வந்த பிறகு ஊசிக்கு ஓடுவது பெரும்பாலும் காலங்கடந்த செயல், ஏனெனில் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு மூன்று வாரம் ஆகும். முதன்முறை ஊசி போட்ட கன்றுக்கு ஒரு மாதத்தில் ஊக்க ஊசி போடாமல் விட்டால் முதல் ஊசியின் பயன் பெருமளவு வீணாகிறது. மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோன மருந்தும் கெட்ட மருந்தே.

திட்டமிடுபவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. மாடுகளைத் தாக்கிய வெக்கை நோயை (ரிண்டர்பெஸ்ட்) ஒழித்த வெற்றியை அப்படியே கோமாரிக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். வெக்கை நோய்க்கு ஒரே ஊசி பல ஆண்டுகள், ஏறக்குறைய ஆயுள் முழுவதும் காத்தது. அந்நோய் 2011-இல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டபோது ஊசிச் செலவும் முடிந்துபோயிருந்தது. கோமாரிக் கிருமியிலோ பல வகைகள் உண்டு. இந்தியாவில் போடும் ஊசியே ஓ, ஏ, ஆசியா-1 என்ற மூன்றுக்குமானது, அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டியிருக்கிறது. ஆகவே இதை ஒருமுறை செய்து முடிக்கும் முதலீடாக எழுதாமல், ஆண்டுதோறும் வரும் பராமரிப்புச் செலவாக எழுதி, ஒரு சுற்று தவறினால் முந்தைய சுற்றுகளின் செலவில் எவ்வளவு வீணாகும் என்பதையும் அதே பக்கத்தில் காட்ட வேண்டும்.